தொட்டுக்கொள்ள

இறைச்சிக்குப் பொறுப்பு நான்.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
பிறகு யாரும் யோலாண்டாவைக் குறை சொல்ல வேண்டாம்.

டிசம்பர் வெயில்.
கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எங்கள் கேப் பக்கம்
தார் இளகிச் செருப்பைப் பிடித்துக்கொள்ளும்.
மூன்று கார், பதினேழு பேர், ஒரு நாய்.
பிரீட் ஆற்றங்கரையில் தைலமர நிழலுக்கு
விடியுமுன்பே ஆள் அனுப்பி இடம் பிடித்தாயிற்று.

விறகு, திராட்சைத் தோட்டத்தில்
பிடுங்கிப்போட்ட கிழட்டுக் கொடிக்கட்டை.
எல்ராய் அதை அடுக்கிய நேர்த்திக்கு
ஒரு மாட்டையே வாட்டலாம்.
எரிந்து, அடங்கி,
சாம்பல் பூத்த கங்கு மேல் உள்ளங்கை நீட்டி
ஐந்து எண்ணினான்.
“கொண்டா.”

நீலப் பெட்டியைத் திறந்தேன்.
ஐஸ்.
ஐஸுக்கு அடியில் பீர்.
பீருக்கு அடியில் ஐஸ்.

நூற்றுப்பத்து கிலோமீட்டர் பின்னால்
வூஸ்டரில், எங்கள் அடுக்களை மேசையில்
சுருட்டிவைத்த மூன்று கிலோ சாசேஜும்
இரண்டு நாள் ஊறிய ஆட்டுத்தொடையும்
பூனையோடு தனியாக.

யாரும் திட்டவில்லை. அதுதான் மோசம்.
நாய் பெட்டியை முகர்ந்தது,
பிறகு என்னை முகர்ந்தது,
பிறகு எல்ராய் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது.

மேசை ஓரத்தில்
ஈக்குப் பயந்து துண்டு போர்த்திய கிண்ணங்கள்.
வருஷா வருஷம் வருபவை,
யாரும் எண்ணிப் பார்க்காதவை.
யோலாண்டா துண்டை உருவினாள்.

வட்டமாய் நறுக்கிய கேரட்,
தக்காளி சூப் ஒரு டப்பா, வினிகர், சர்க்கரை,
ராத்திரி முழுக்க ஊறிச்
செப்புக்காசாய் மினுங்கியது.
மூன்று டப்பா திறந்து ஒன்றாய்க் கொட்டிய
பீன்ஸ் சாலட் டென்வருடையது.
“சமைத்தேன்” என்பான்,
சிரிக்கக் கூடாது.
பீட்ரூட் துருவல். அது யார் சட்டையில் விழும் என்பதில்தான்
ஆண்டுக்கு ஆண்டு மாற்றம்.
அப்புறம் உருளைக்கிழங்கு சாலட்,
இரண்டு.

என் தங்கை பெர்னடீன் செய்தது இனிப்பு:
மயோனைஸில் கண்டென்ஸ்டு மில்க், தாராளமாக.
என் மனைவி செய்தது கடுகு, எலுமிச்சை,
கிழங்கு சூடாயிருக்கும்போதே கலந்துவிட வேண்டும்.
இருவரும் ஈஸ்டரிலிருந்து பேசுவதில்லை.
கடன் விஷயம். தொகை சின்னது,
சொன்ன வார்த்தை பெரிது.
வழக்கமாய் நாங்கள்
இதில் ஒரு கரண்டி, அதில் ஒரு கரண்டி,
தராசு பிடித்ததுபோல் பரிமாறிக்கொண்டு
இறைச்சிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வோம்.

இன்று ஒளிய ஒன்றுமில்லை.
எதைத் தொட்டுக்கொண்டு எதைத் தின்பது?

ரொட்டி இருந்தது, சீஸ் இருந்தது.
தக்காளி, வெங்காயம், கொஞ்சம் மாங்காய்ச் சட்னி
உள்ளே வைத்து, வெளியே வெண்ணெய் தடவி
எல்ராய் கம்பி வலையில் அடுக்கினான்,
முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.
மாட்டுக்கு மூட்டிய தீ
ரொட்டிக்கு இறங்கி வந்தது.
கருகாமல், பொன்னிறமாய்,
கடித்தால் சத்தம் கேட்டது.

அப்போதுதான் பார்த்தேன்:
யோலாண்டாவின் தட்டில் இனிப்புச் சாலட்.
இரண்டாம் முறை.
பெர்னடீனும் பார்த்தாள்.
எழுந்துபோய்க் கடுகுக் கிண்ணத்தைச் சுரண்டினாள்,
கரண்டி அடியில் இடித்துக் கேட்கும்படி.
நின்றுகொண்டே தின்றாள்.
“உப்பு போதாது.”
“உன்னுடையதில் பால் ஜாஸ்தி.”
எட்டு மாதத்தில் முதல் பேச்சு.
இதைச் சமாதானம் என்று நான் சொல்லமாட்டேன்.
பையன்கள் தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தார்கள்.
டென்வர் தன் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
பீட்ரூட்.

இரவு, காரிலிருந்து சாமான் இறக்கும்போது
பின்சீட்டில் பெர்னடீனின் கிண்ணம்,
மூடி இறுக்கி, பாதி நிறைந்து.
“நீ எடுத்து வைத்தாயா?”
“இல்லை. நீ?”
நானும் இல்லை.

உள்ளே மேசைக்கு அடியில்
பூனை மல்லாந்து கிடந்தது,
மூச்சு விடவே சிரமப்பட்டுக்கொண்டு.
மூன்று கிலோவில் கால்வாசி காணோம்.
பாவம்,
தொட்டுக்கொள்ளத்தான் அதற்கு
ஒன்றும் இருக்கவில்லை.